வயதை எரித்த ஊர்

லிண்டெபேக்
18 அக்டோபர் 1798, புனித லூக்கா நாள்

அன்புத் தங்கை பெக்காவுக்கு, உன் அக்கா பெட்ரோனெல் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து எழுதுவது.

நானும் நலம், என் யோஸ்டும் நலம், வாத்துகள் எங்கள் இருவரையும்விட நலம். உன் வீட்டுக்காரர் கார்னெலிஸ் இன்னும் தான் செய்கிற பீப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கிறாரா? வெளியே எட்டிப் பார்க்கச் சொல். எங்கள் ஊர் எழுந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரன் நம் சாமியாரைக் கப்பலேற்றினான், கோயில் மணியை இறக்கினான், கதவைப் பூட்டினான். அப்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே மோர்க்கஞ்சி குடித்தோம். இப்போது இருபது முடிந்த பையன்கள் எல்லாரும் அவனுடைய பட்டாளத்துக்கு வரவேண்டுமாம். பிள்ளையைக் கேட்டதும்தான் கஞ்சி தொண்டையில் நின்றது. திங்கள்கிழமை பையன்கள் ஊர்மன்றத்துக் கதவை உடைத்துப் பதிவேடு அத்தனையையும் சந்தைத் திடலில் போட்டு எரித்தார்கள். யார் எந்த வருஷம் பிறந்தான் என்று சொல்ல இனி ஒரு காகிதம் இல்லை. என் யோஸ்ட்தான் தோளுக்கு மூன்றாகச் சுமந்து வந்து போட்டான். பிரெஞ்சுக்காரன் தன் புரட்சிக்கு அடையாளமாக அங்கே நட்டுவைத்த சுதந்திர மரத்தையே வெட்டி விறகாக்கினார்கள்.

"இனிமே எங்களுக்கு வயசே கெடையாதுடா!" என்று கருமான் மகன் கத்தினான். எழுபது வயசு பீத்தர், "அப்ப நானும் எளவட்டம்தான், ஒரு பொண்ணு பாருங்கடி" என்று நெருப்பைச் சுற்றி ஆடினான்.

பட்டாளத்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுதின குமாஸ்தா ஸ்டாஸைப் பரணிலிருந்து இழுத்து வந்தார்கள். "எழுதினவனே தின்னு" என்று பக்கம் பக்கமாக வாயில் திணித்தார்கள். பதினொரு பக்கம் தின்றான். "பாவம்டா, கொஞ்சம் உப்பாவது குடுங்க" என்று கத்தினவள் நான்தான். ஊர் முழுக்கச் சிரித்தது.

ஒரு ரகசியம். நெருப்பில் போனது ஞானஸ்நானப் புத்தகத்தின் ஒரு படிதான். சாமியார் பிடிபடுவதற்கு முந்தின வாரம் இன்னொரு படியை என்னிடம் கொடுத்தார். செத்துப்போன என் வீட்டுக்காரர் இருபது வருஷம் கோயில்பிள்ளையாக இருந்தவர், அந்த நம்பிக்கை. எங்கே வைத்திருக்கிறேன் என்று உன்னிடமும் சொல்லமாட்டேன். நீங்கள் வெல்டாமுக்குக் குடிபோகும் முன் பிறந்தவன்தானே உன் மகன் லாவெரிஸ், அவனும் அதில் இருக்கிறான்.

நான் ஞானத்தாயாக நின்ற என் ஞானமகன் எப்படி இருக்கிறான்? இருபத்தொரு வயசில் மோவாயில் ஒரு முடிகூட இல்லாமல் பால் மணக்க நிற்கிறான். என்னுடையவன் பதினேழு வயசில் நிலைப்படியில் குனிந்து நுழைகிறான், வாரத்துக்கு இரண்டு சவரம். இரண்டையும் ஒரு சட்டியில் போட்டுக் கலக்கிப் பாதிப் பாதியாகப் பிரித்திருக்கலாம் நாம்.

உன் அக்கா
பெட்ரோனெல்


வெல்டாம்
29 அக்டோபர் 1798

பிரியமுள்ள அக்காவுக்கு, பெக்கா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. விலாங்கு விற்கிற ஹான்ஸ்கேயின் கூடையில் வந்ததால் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தேன்.

குமாஸ்தா ஸ்டாஸ் இறந்துவிட்டார் என்று ஹான்ஸ்கே சொன்னான். காகிதம் குடலை அடைத்து மூன்று நாள் கிடந்தாராம். நீ உப்பு கேட்டதையும் சொன்னான். அவருடைய மனைவியும் நானும் ஒரே நாளில் முதல் நற்கருணை வாங்கினவர்கள், அக்கா. உனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. என் கல்யாணத்தில் கார்னெலிஸ் வழுக்கி விழுந்தபோது நீ சிரித்த சிரிப்பை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

பிரெஞ்சுக்காரன் சும்மா இருப்பான் என்று நினைக்கிறீர்களா? பீரங்கியோடு படை வருகிறதாம். கார்னெலிஸ் லாவெரிஸை வாசலுக்கே விடுவதில்லை. கலகக் கூட்டத்தில் அவன் சேரவும் இல்லை, சேரவும் மாட்டான். அவனுக்கு நெஞ்சில் சளி.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகத்தை எரித்துவிடு. மற்றதை எல்லாம் எரித்த நெருப்பில் இதையும் போட்டிருக்கலாமே. அது இருக்கும்வரை என் மகனுக்கு இருபத்தொரு வயசு. அது இல்லாவிட்டால் அவன் முகத்தைப் பார்த்து எவனும் பதினாறுக்கு மேல் சொல்லமாட்டான்.

எரித்ததும் எழுது. அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

உன் தங்கை
பெக்கா


லிண்டெபேக்
11 நவம்பர் 1798, புனித மார்ட்டின் நாள்

அன்புத் தங்கைக்கு, பெட்ரோனெல் எழுதுவது.

இன்று வாத்து தின்கிற நாள். நீயும் தின்றிருப்பாய், கார்னெலிஸ் எலும்பைச் சூப்பியிருப்பார். நான் ஒரு வாத்தை ஸ்டாஸின் மனைவிக்குக் கொடுத்தனுப்பினேன். நீ எழுதினதைப் படித்த பிறகு எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது, அதனால்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு, கழுத்தைத் திருகி என் வாசலில் எறிந்துவிட்டுப் போனாள். "இதுக்கும் உப்பு போட்டுக்கோ" என்றாள். போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

புத்தகத்தை எரிக்கமாட்டேன். கோபப்படாதே, கேள்.

எனக்குப் பிறந்தது நாலு. யோஸ்டுக்கு முன்னால் மூன்று. ஒன்று நாலு நாள் இருந்தது, ஒன்று ஒரு பகல், ஒன்று மருத்துவச்சி தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்கும்வரை மட்டும். புதைத்த இடத்தில் சிலுவைகூட நடவில்லை, இப்போது அங்கே புல்தான். அந்த மூன்று பெயரும் உலகத்தில் வேறெங்கும் இல்லை, பெக்கா. அந்தப் புத்தகத்தில் மட்டும்தான். எனக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்ததும் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கங்களை வைத்துத்தான். மன்றத்துப் புத்தகம் எரிந்தபோது நான் சிரித்தேன் என்றால் இது என்னிடம் பத்திரமாக இருந்ததால்தான்.

யாருக்கும் தெரியாது. எனக்கும் உனக்கும் தெரியும். நீ பேசமாட்டாய், கார்னெலிஸைத் தவிர உன் வீட்டில் ஓட்டைப் பீப்பாய் கிடையாது. (அவரிடம் இதைப் படித்துக் காட்டாதே.)

படை பக்கத்துக் கிராமம்வரை வந்துவிட்டது. எங்கள் பையன்கள் புதர்க்காட்டுக்குள் போய்விட்டார்கள். யோஸ்டை நான் அனுப்பவில்லை. பதினேழு வயசுப் பிள்ளையை எவன் கேட்கப்போகிறான்?

உன் அக்கா
பெட்ரோனெல்


வெல்டாம்
20 நவம்பர் 1798

பிரியமுள்ள அக்காவுக்கு, பெக்கா.

மாதா காப்பாற்றினாள். சனிக்கிழமை பிரெஞ்சுப் படை எங்கள் ஊருக்கு வந்தது. இங்கேயும் பதிவேடுகளை எரித்துவிட்டார்கள் அல்லவா, அதனால் ஆண்பிள்ளைகள் எல்லாரையும் திடலில் வரிசையாக நிறுத்தி முகத்தைப் பார்த்தே வயசு சொன்னார்கள். ஒரு அதிகாரி கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவன் மோவாயையும் தடவினான். சொரசொரவென்று இருந்தால் வலது பக்கம், வழவழவென்று இருந்தால் இடது பக்கம்.

லாவெரிஸின் கன்னத்தைத் தடவிவிட்டு, "எத்தன வயசு?" என்றான்.

"பதினாறு சாமி" என்றான் இவன். நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

"போ, போய் அம்மாகிட்ட பால் குடி" என்று பின்பக்கத்தில் ஒரு உதை விட்டான். எல்லாச் சிப்பாய்களும் சிரித்தார்கள். அக்கா, என் மகனை உதைத்தவன் காலைக் கட்டி முத்தமிடலாம் போல இருந்தது எனக்கு.

வலது பக்கம் நின்ற ஒன்பது பேரைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போனார்கள். பீர் வடிப்பவர் வீட்டு வில்லெம் அதில் ஒருவன். அவனுக்குத் தாடி அடர்த்தி, வயசு பத்தொன்பதுதான். அவன் அம்மா கத்தினாள். "காகிதம் இருந்தா காட்டு" என்றார்கள். எங்கே காட்டுவாள்?

உன் பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள். புத்தகத்தை எரி. இனிமேல் கேட்கமாட்டேன், கெஞ்சுகிறேன்.

கொஞ்சம் வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். யோஸ்டுக்குப் பிடிக்கும்.

பெக்கா


லிண்டெபேக்
30 நவம்பர் 1798, புனித அந்திரேயா நாள்

பெக்கா, யோஸ்டைப் பிடித்துவிட்டார்கள்.

புதன்கிழமை வந்தார்கள். நீ எழுதின அதே வேலை, திடலில் நிறுத்தி மோவாயைத் தடவுவது. அதிகாரி யோஸ்டின் முன் வந்து அண்ணாந்து பார்த்தான். நான் கூட்டத்திலிருந்து கத்தினேன்: "அவனுக்குப் பதினேழுதானுங்க! ஒடம்புதான் எருது, உள்ள கன்னுக்குட்டி!" சிப்பாய்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சிரித்தால் விட்டுவிடுவான் என்று ஒரு நினைப்பு.

"இருபத்தி நாலுக்குக் கொறையாது. காகிதம் இருக்கா?" என்றான்.

அதற்குள் ஸ்டாஸின் மனைவி முன்னால் வந்து நின்றாள். "பதிவேட்டத் தோள்ல சொமந்தவன் இவன்தான்" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது நகரத்தில் மடத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். பட்டாளக் கோர்ட்டு வருகிற வியாழன் உட்காருகிறது. இருபது வயசுக்கு மேல் என்றால் கலகக்காரன், பட்டாளத்துக்கு வராமல் ஒளிந்தவன், இரண்டுக்கும் சேர்த்து மடத்துச் சுவரோரம் நிறுத்திச் சுடுவது. பதினெட்டுக்குள் என்றால் சவுக்கடி கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது. போன வாரம் ஒரே காலையில் பன்னிரண்டு பேரைச் சுட்டார்கள்.

புத்தகத்தைக் காட்டினால் யோஸ்ட் பிழைப்பான்.

லாவெரிஸ் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் காட்டலாமா என்று பார்த்தேன். சாமியார் ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார். ஒரு தாள் குறைந்தாலும் செல்லாது என்று கோர்ட்டு எழுத்தன் சொல்லிவிட்டான். ஆகவே முழுசாகத்தான் கொடுக்கவேண்டும்.

இருபது தாண்டியும் இங்கே வயசு தெரியாமல் தப்பித்தவர்கள் பதினாலு பேர் அந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள். பதினாலு வீட்டுக்கும் போனேன். முதல் வீட்டிலேயே பையனைப் பெற்றவள் என் முகத்தில் துப்பினாள். "ஒம் புள்ள ஒருத்தனுக்காக எங்க புள்ளைங்க பனியில சாவணுமா?" என்றாள். "பனின்னா ரெண்டு போர்வ போதும், குண்டுக்கு எத்தன போர்வடி போத்துவ?" என்றேன். அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாள். அவர்கள் எல்லாருடைய வயசையும்தானே யோஸ்ட் தோளில் சுமந்தான். செவ்வாய் விடிவதற்குள் பதினாலு பேரும் ஆற்றைத் தாண்டி ஜெர்மன் பக்கம் போய்விடுவார்கள். வழிகாட்ட ஆள் இருக்கிறது.

லாவெரிஸையும் அனுப்பு. பாலத்தடி ஆலைக்கு வந்தால் அவர்களோடு சேர்ந்துவிடலாம். அவன் போனான் என்று நீ எழுதினால்தான் புத்தகத்தை எடுப்பேன். அவன் என் ஞானமகன், பெக்கா. அவனை வைத்து என்னுடையவனை மீட்கமாட்டேன். ஆனால் வியாழனுக்கு மேல் எனக்கு நாள் இல்லை.

பெட்ரோனெல்


வெல்டாம்
4 டிசம்பர் 1798

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து நானும் கார்னெலிஸும் அழுதோம். யோஸ்ட் எனக்கும் பிள்ளைதான். சித்தி என்று அவன் கூப்பிடும்போது வீட்டுக் கூரையே அதிருமே.

லாவெரிஸ் இன்று விடியற்காலையில் புறப்பட்டுவிட்டான். இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போட்டுவிட்டேன். கறுப்பு ரொட்டி ஒன்று முழுசாகக் கொடுத்தேன், பன்றிக்கொழுப்புத் தடவி. கார்னெலிஸ் வேலிவரை போய் வழியனுப்பினார். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். "பெரியம்மாகிட்ட சொல்லுங்க" என்றான், அதற்குமேல் பேச முடியவில்லை அவனால்.

ஆனால் அக்கா, அவன் மெதுவாக நடப்பவன், நெஞ்சுச் சளி வேறு. பாலத்தடி ஆலைக்கு உன் ஊர்ப் பையன்களின் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது, வேறு வழியாகத்தான் போகிறான். ஆற்றைத் தாண்ட நாலு நாளாவது ஆகும். ஆகவே புத்தகத்தைச் சனிக்கிழமைக்கு முன்னால் கொடுத்துவிடாதே. பயப்பட ஒன்றுமில்லை. கார்னெலிஸ் நகரத்தில் விசாரித்தார். கோர்ட்டு வியாழனிலிருந்து தள்ளிப்போய்விட்டதாம். பிரெஞ்சுக்காரனின் புது நாள்காட்டியில் பத்து நாளைக்கு ஒரு முறை ஞாயிறு வருமே, அந்த நாளில்தான் உட்காருகிறதாம். அது அடுத்த திங்கள். சனிக்கிழமை நீ போனாலே போதும், நேரம் நிறைய இருக்கிறது.

சனிக்கிழமை. மறந்துவிடாதே அக்கா. அதற்குமுன் வேண்டாம்.

யோஸ்டுக்காகத் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

உன் தங்கை
பெக்கா


லிண்டெபேக்
6 டிசம்பர் 1798, புனித நிக்கோலாஸ் நாள்

என் செல்லத் தங்கை பெக்காவுக்கு! உன் அக்கா பெட்ரோனெல், கால் தரையில் நிற்காமல் எழுதுவது.

யோஸ்ட் வீட்டில் இருக்கிறான். குப்புறப் படுத்திருக்கிறான், முதுகில் இருபது அடி, தோல் வெங்காயம் மாதிரி உரிந்து தொங்குகிறது. வாத்து நெய் தடவும்போது என்னைத் திட்டுகிறான். இன்னும் திட்டுடா கண்ணா என்றேன்.

கார்னெலிஸின் காதில் மர இழைப்புச் சுருள் அடைத்திருக்கிறதா என்று பார். கோர்ட்டு தள்ளிப்போகவே இல்லை! நேற்று யோஸ்டுக்கு ரொட்டி கொண்டுபோனேன். சிப்பாய்களுக்குத் துணி வெளுக்கிறவள் வாசலில் நின்று, "காலைல எட்டு மணிக்கு இழுத்துட்டு வருவாங்கம்மா, சட்டையாவது மாத்திவிடு" என்றாள்.  அந்தப் பத்தாம் நாளில் பிரெஞ்சுக்காரன் கடையைக்கூடத் திறக்கமாட்டான், கோர்ட்டையா திறப்பான்? உன் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டுச் சனிக்கிழமைவரை உட்கார்ந்திருந்தால் யோஸ்டை மண்ணில்தான் பார்த்திருப்பேன். நல்லவேளை, லாவெரிஸ் செவ்வாயே போய்விட்டான். இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

இன்று காலை புத்தகத்தை மேசையில் வைத்தேன். கேப்டன் நம்பவில்லை. "இது நேத்து எழுதின புத்தகமா இருந்தா?" என்றான்.

"எந்தப் பக்கத்தையாச்சும் தொறங்க சாமி, யாரு, எந்த வீடு, ஆயி அப்பன் யாருன்னு சொல்றேன்."

அவனாகவே ஒரு இடத்தில் திறந்து விரலை வைத்தான். அடியில் ஞானத்தாய் கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஒரு சிலுவைக்குறி. எனக்கு எழுத்து தெரியாத காலத்தில் நான் போட்டது! சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

"இந்தக் கீறல் யாருது?"

"அடியேன்தானுங்க. புள்ள லாவெரிஸ், இருபத்தொண்ணு ஆச்சு. வெல்டாம்ல பீப்பாய்க் கார்னெலிஸ் வீடு. போய்ப் பாருங்க, நல்ல பீர் தருவாங்க."

எழுத்தன் எழுதிக்கொண்டான். உடனே கேப்டன் ஆறு சிப்பாய்களை அனுப்பினான். பெக்கா, முட்டிவரை சேற்றில் நாலு மணி நேரம் நடந்து வந்து காலிக் கட்டிலைத் தடவிப் பார்க்கட்டும்! நீ முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள். பீரைப் புளித்த பீப்பாயிலிருந்து ஊற்று.

புத்தகத்தைத் திருப்பிக் கேட்டேன், தரமாட்டானாம். என் மூன்று பேரையும் அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். போகட்டும். நாலாவதைத் தூக்கிக்கொண்டு வந்தேனே.

லாவெரிஸிடமிருந்து சேதி வந்தால் எழுது.

உன் அக்கா
பெட்ரோனெல்


வெல்டாம்
9 டிசம்பர் 1798

அக்கா,

அவன் போகவில்லை.

ஆறு பேரும் வந்தபோது மேசையில் உட்கார்ந்து அடை தின்றுகொண்டிருந்தான். நேராக உள்ளே வந்து பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். "நல்ல பீர் தருவீங்கன்னு ஒங்க அக்கா சொன்னாங்க" என்று சிரித்தார்கள். குடித்தார்கள். அவர்கள் குடித்து முடிக்கும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் கடிதம் அவர்கள் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

எப்படி அனுப்புவேன்? போன வாரம் புதர்க்காட்டில் மூன்று பையன்களைப் பிடித்து அங்கேயே சுட்டார்கள். வீட்டில் இருந்தவரை அவன் பதினாறு வயசுப் பிள்ளை, யாரும் தொடவில்லை. வெளியே கால் வைத்தால்தான் சாவு. அவனுக்குச் சளி அக்கா, நாலு மைல் நடந்தால் இருமுவான். சனிக்கிழமை என்று எழுதினேனே! மூன்று முறை எழுதினேனே! உன்னால் இரண்டு நாள் பொறுக்க முடியவில்லையா?

பொய் வயசு சொல்லி அதிகாரியை ஏமாற்றினவன் என்று அவனைத்தான் முதலில் விசாரிக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமை. எங்கள் வீட்டில் வேறு ஆறு சிப்பாய்களை உட்காரவைத்திருக்கிறார்கள், வாசலைத் தாண்ட முடியாது, இதைக்கூட ஹான்ஸ்கேயின் கூடையில் ஒளித்துத்தான் அனுப்புகிறேன். நீதான் போகவேண்டும். அந்தச் சிலுவை என்னுடையது இல்லை என்று சொல். அந்த லாவெரிஸ் குழந்தையிலேயே செத்துப்போனான், இவன் பிறகு பிறந்தவன் என்று சொல். புத்தகம் தப்பு என்று சொல். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உன் காலில் விழுகிறேன். அவனை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திப் பிடித்தது உன் கைதான்.

பெக்கா


லிண்டெபேக்
13 டிசம்பர் 1798

பெக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை போனேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தேன். வியாழன், வெள்ளி, சனி. எத்தனை தரம் எண்ணினாலும் யோஸ்டைச் சுட்டு இரண்டு நாள் கழித்துத்தான் உன் சனிக்கிழமை வருகிறது. கார்னெலிஸ் நகரத்தில் விசாரிக்கவே இல்லை, இல்லையா? காதில் இழைப்புச் சுருள் என்று அவரைக் கேலி செய்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இரண்டு ஜோடிக் காலுறை, பன்றிக்கொழுப்பு, வேலிவரை வழியனுப்பினது, திரும்பித் திரும்பிப் பார்த்தது. எவ்வளவு அழகாக எழுதியிருந்தாய்! நான் அதைப் படித்து அழுதேன். யோஸ்டுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன் என்றும் எழுதினாயே, அதையாவது ஏற்றினாயா?

எங்கள் பதினாலு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவனுக்குக் கால் விரல் இரண்டு பனியில் போயிற்று. மற்றபடி எல்லாரும் இருக்கிறார்கள்.

கேப்டன் புத்தகத்தைத் திறந்து அதே இடத்தில் விரலை வைத்தான். "போன வாரம் இது ஒன்னுதுன்னு சொன்ன. இன்னிக்கும் அதானா?" என்றான். லாவெரிஸ் பெஞ்சு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பளிச்சென்று அவன் முகம் தெளிந்தது. பெரியம்மா வந்துவிட்டாள், ஏதாவது வேடிக்கையாகப் பேசி மீட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பான்.

புத்தகம் தப்பு என்று நான் சொன்னால் யோஸ்டின் பக்கமும் தப்பு. அவன் இன்னும் குப்புறத்தான் படுத்திருக்கிறான், ஓடக்கூட முடியாது. இதை நீ எழுதும்போது யோசித்தாயா? யோசித்திருப்பாய்.

"என்னுதுதானுங்க" என்றேன்.

புதன்கிழமை காலை சுவரோரம் நிறுத்தினார்கள், அவனையும் இன்னும் நாலு பேரையும். உன்னால் வர முடியாதே என்று நான் போனேன். கயிற்றுக்குப் பக்கத்தில்வரை விட்டார்கள். அவன் இருமினான். என் சால்வையை அவன் கழுத்தில் சுற்றிவிட்டேன். சிப்பாய் ஒருவன் சிரித்தான், இன்னும் எத்தனை நிமிஷத்துக்கு என்று.

நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு அவன்தான் பேசினான். "நான் அழுதேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க பெரியம்மா" என்றான்.

சொல்லமாட்டேன் என்று அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அழுதான், பெக்கா. கடைசிவரைக்கும் அழுதான்.

பெட்ரோனெல்